பைரீன் ஆக்டின் தொகுப்பு: இழை வளர்வதைக் காட்டும், கலைவதில் ஏமாற்றும்

வேலூரில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் முதுகலை மாணவர்களின் செய்முறைக்காக வாங்கிய பைரீன் ஆக்டின் தொகுப்பைப் (கிட்) பற்றிய மதிப்பீடு இது. ஆக்டின் என்பது செல்லுக்குள் இழைகளாகச் சேரும் புரதம்; பைரீன் அதில் ஒட்டப்பட்ட ஒளிரும் சாயம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் கூரியரில் வந்தபோதும், புரதம் உலர்தூளாக இருந்ததால் கெடவில்லை. கரைத்த பிறகுதான் அதைப் பனிக்கட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

இழை உருவாவதைக் காட்டுவதில் இத்தொகுப்பைக் குறை சொல்ல இடமில்லை. தனி ஆக்டின் மூலக்கூறில் மங்கலாக இருக்கும் பைரீன், இழைக்குள் சேர்ந்ததும் பல மடங்கு ஒளிர்கிறது. பொட்டாசியம் குளோரைடும் மெக்னீசியமும் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியும் கலந்த கரைசலை ஊற்றியவுடன் ஒளி ஏறிவிடுவதில்லை; இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தாலும் சட்டென்று பிரிந்துவிடுவதால், மூன்று நான்கு சேர்ந்த நிலையான கரு அமையும்வரை ஒளி அளவின் வரைகோடு தரையோடு கிடந்து, அதன் பிறகே விறுவிறுவென மேலேறுகிறது. இந்தத் தாமதம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், மீவேக மையவிலக்கியில் சுற்றிப் பழைய இழைத்துண்டுகளை முன்பே நீக்கிவிட வேண்டும். கையேடு இதை அழுத்தமாகச் சொல்கிறது. ஆனால் கோடு சமமான பிறகும் உள்ளே ஓய்வில்லை என்பதை ஆசிரியர்தான் விளக்க வேண்டியிருக்கிறது. வேகமாக வளரும் முனையின் வரம்புச் செறிவு (தனி ஆக்டின் இதைவிடக் கூடினால் முனை வளரும், குறைந்தால் தேயும்) ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலார், எதிர்முனைக்கு ஏறத்தாழ 0.6 என்பதால், இடைப்பட்ட செறிவில் ஒரு பக்கம் ஆக்டின் அலகுகள் சேர, மறுபக்கம் கழன்றுகொண்டே இருக்கின்றன.

கலைதலுக்கான பகுதியில்தான் எனக்குப் பெரும் மனக்குறை. இழையை நீர்க்கச் செய்து, இழைகளைக் கலைக்கும் புரதமான கோஃபிலினைச் சேர்த்தால் ஒளி குறையும், அதுவே கலைதலின் அளவு என்று கையேடு இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறது. கோஃபிலின் இழையில் ஒட்டினாலே, ஓர் அலகுகூடக் கழலாத நிலையிலும், பைரீனின் ஒளி மங்கிவிடும் என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. இழையின் வயதைப் பற்றியும் பேச்சில்லை. சேர்ந்த அலகில் ஏடிபி சில விநாடிகளில் பிளந்துவிட்டாலும், அதில் உண்டான பாஸ்பேட் வெளியேறச் சில நிமிடங்கள் ஆகும். அது வெளியேறிய பழைய பகுதியில்தான் கோஃபிலின் நன்றாகப் பற்றும். ஆகவே புதிதாக வளர்ந்த இழையை உடனே எடுத்துச் சோதிக்கும் மாணவருக்குக் கோஃபிலின் சோம்பேறியாகவே தெரியும். பிப்பெட்டில் வேகமாக உறிஞ்சினால் இழைகள் அறுந்து முனைகள் பெருகி, கலைதல் பொய்யாக விரைவுபடும் என்பதும் விடுபட்டிருக்கிறது. (நுனியை வெட்டிய டிப்பைப் பயன்படுத்தி மெதுவாக ஊற்றுவது நல்லது.)

வளர்ச்சியை மட்டும் காட்ட விரும்பும் கல்லூரிகள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கோஃபிலின் ஆய்வுக்கு வாங்குபவர்கள் ஒளி அளவை மட்டும் நம்பாமல், கரைசலை மையவிலக்கியில் சுற்றி, அடியில் படிந்த இழையையும் மேலே மிஞ்சிய தனி ஆக்டினையும் புரதங்களைப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஓட்டி ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.