மூளை ரத்த ஓட்டத்தை அளக்க எது நல்லது: டி.எஸ்.சி.யா, ஏ.எஸ்.எல்.லா, ஐவிமா?

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடித்தவர்களுக்கு ஃபாலோ-அப் எம்.ஆர்.ஐ.யில் எந்தப் பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டம் காட்டும்) ஸ்கேனைச் சேர்ப்பது என்று எங்கள் பிரிவில் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் டி.எஸ்.சி., ரத்தத்தையே அடையாளமிட்டு எடுக்கும் ஏ.எஸ்.எல்., திசுவில் நீர் அசைவதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலிருந்தே ரத்த ஓட்டத்தைப் பிரித்தெடுக்கும் ஐவிம் என்று கையில் மூன்று வழிகள். நாங்கள் ஏ.எஸ்.எல்.லைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

இந்த ஸ்கேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கட்டி மறுபடி முளைத்தாலும் காண்ட்ராஸ்ட் படத்தில் வெள்ளையாகத் தெரியும், ரேடியேஷனில் திசு செத்துப்போனாலும் அதே மாதிரிதான் தெரியும். வளரும் கட்டி புதுப்புது ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். செத்த திசுவுக்கு ரத்தம் குறைவு. ஒன்றுபோலத் தெரியும் இரண்டையும் பிரித்துப் பார்க்க ரத்த ஓட்டம் பெரிய துணை.

டி.எஸ்.சி. பழைய ஆள். கடோலினியம் என்னும் காண்ட்ராஸ்ட் மருந்தை விநாடிக்கு 4 முதல் 5 மில்லி வேகத்தில் இன்ஜெக்டர் வழியாகச் செலுத்தி, பின்னாலேயே சலைனைத் தள்ளி, மருந்து மூளையைக் கடக்கும்போது ஒன்றரை விநாடிக்கு ஒரு தடவை முழு மூளையையும் படம் பிடிப்பார்கள். மருந்து வரும்போது சிக்னல் சரியும், போனதும் ஏறும். அந்தச் சரிவிலிருந்து ரத்தக் கொள்ளளவும், ரத்தம் வந்துசேர எடுக்கும் நேரமும் கிடைக்கும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கட்டி பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இதன் அளவுகளை வைத்தே வந்திருப்பதால், ரிப்போர்ட் எழுதுபவருக்கும் தெம்பு அதிகம்.

பக்கவாதம் என்றால் பேச்சே இல்லை, டி.எஸ்.சி.தான். 2018-இல் வெளிவந்த டெஃப்யூஸ் 3 ஆய்வில், பக்கவாதம் தொடங்கி 6 முதல் 16 மணி நேரத்துக்குள் இருந்தவர்களை அடைப்பை எடுக்கும் சிகிச்சைக்குத் தேர்ந்தது இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிடம், டிஃப்யூஷன் அளவு விநாடிக்கு 0.00062 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே போன இடம் இறந்த பகுதி. டிமேக்ஸ் என்னும் வருகைத் தாமதம் 6 விநாடிக்கு மேல் இருந்தால் அது ரத்தத்துக்குத் தவிக்கும் பகுதி; அதில் இறந்த பகுதி போக மிஞ்சுவதுதான் இன்னும் காப்பாற்றக்கூடியது. இந்த டிமேக்ஸை ஒரே ஒரு காத்திருப்பு நேரத்தோடு எடுக்கும் வழக்கமான ஏ.எஸ்.எல். தராது.

ஏ.எஸ்.எல்.லில் ஊசியே இல்லை. கழுத்துப் பக்கம் ஏறும் ரத்தத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் புரட்டிவிட்டு, அவை மூளைக்கு ஏறும்வரை பொறுத்திருந்து ஒரு படம். புரட்டாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ரத்த ஓட்டம். ஜான் டெட்ரே, டொனால்ட் வில்லியம்ஸ், ஆலன் கொரெட்ஸ்கி குழுவினர் 1992-இல் எலியின் மூளையில் இதைச் செய்துகாட்டினார்கள். மிஞ்சும் சிக்னல் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வரும். அதனால் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். 4, 5 நிமிடம் ஆகும். ரொம்ப காலம் ஆளுக்கொரு முறையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015-இல் வெளியான பொதுப் பரிந்துரை அதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது: அடையாளமிட 1.8 விநாடி, பெரியவர்களான நோயாளிகளுக்குக் காத்திருப்பு 2 விநாடி. நாங்கள் அதை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

கடோலினியம் வேண்டாம், சிறுநீரகத்துக்குப் பயமில்லை என்பதைத்தான் ஏ.எஸ்.எல்.லுக்கு முதல் காரணமாக எல்லோரும் சொல்வார்கள். கட்டி நோயாளிகள் விஷயத்தில் இது அரைக் காரணம்தான். கடைசியில் காண்ட்ராஸ்ட் படம் எப்படியும் எடுக்கத்தான் போகிறோம், மருந்து உள்ளே போகத்தான் போகிறது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஸ்கேன் கெட்டுப்போனால் அங்கேயே திரும்ப எடுக்க முடியுமா?

டி.எஸ்.சி.க்கு ஒரே ஒரு வாய்ப்பு. மருந்து மூளையைக் கடக்கும் அந்தச் சில விநாடிகளில் நோயாளி இருமினாலோ தலையை அசைத்தாலோ ஸ்கேன் போச்சு. இன்னொரு டோஸ் போடலாம்தான். ஆனால் முதல் டோஸ் கட்டிக்குள் ஏற்கெனவே கசிந்திருக்கும், இரண்டாவது அளவை முதலாவதோடு ஒப்பிட முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை, ஊசி ஏற்றும் கை நரம்பு (ரத்தக் குழாய்). விநாடிக்கு 5 மில்லி தாங்க முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் தடித்த ஊசிக்குழாய்) போட்டால்தான் நிம்மதி. கீமோ முடித்து வருபவரின் கையைப் பிடித்துப் பாருங்கள்: குத்திக் குத்தி நரம்பெல்லாம் கயிறாக இறுகிக் கிடக்கும். சிஸ்டர் புறங்கையில் தட்டித் தட்டித் தேடி ஒரு மெல்லிய நீல வென்ஃப்ளானை ஏற்றுவதே பாடு. அதில் அந்த வேகத்தில் தள்ளினால் நரம்பு வெடித்துக் கை வீங்கிவிடும். வேகத்தைக் குறைத்தால் சிக்னல் சரிந்து ஏறும் வளைவு தட்டையாகி அளவு நம்பகமில்லாமல் போகும். காண்ட்ராஸ்ட் படத்துக்கு மட்டும் என்றால் அதே நீல வென்ஃப்ளானில் கையாலேயே மெதுவாகச் செலுத்தினால் போதும். இந்த வித்தியாசத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது கஷ்டம். ஸ்கேன் அறையில் நின்றால் ஒரே நாளில் புரியும்.

ஏ.எஸ்.எல். கெட்டால் "ஐயா, இன்னும் அஞ்சு நிமிஷம், தலையை ஆட்டாம படுத்திருங்க" என்று சொல்லி மறுபடி எடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, காண்ட்ராஸ்ட் போடுமுன் முடித்துவிட வேண்டும். கடோலினியம் உள்ளே போனபின் ரத்தத்தில் வைத்த அடையாளம் நொடியில் அழிந்துவிடும்.

மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் ஏ.எஸ்.எல்.தான் பொருந்தும். டி.எஸ்.சி. தருவது பெரும்பாலும் ஒப்பீட்டு எண். எந்தத் தமனியை ஆதாரமாக எடுத்தீர்கள், எந்த மென்பொருளில் கணக்கிட்டீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஏ.எஸ்.எல். 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று நேராகவே சொல்கிறது. மூளையின் சாம்பல் திசுவில் 60-ஐ ஒட்டி வந்தால் ஸ்கேன் ஒழுங்காக அமைந்திருக்கிறது என்று தெம்பாக மேலே போகலாம். ஆபரேஷன் தழும்பு, பழைய ரத்தக் கறை, உலோகக் கிளிப் உள்ள இடங்களில் டி.எஸ்.சி. படத்தில் கருப்பாக ஓட்டை விழும். பார்க்க வேண்டிய இடமோ பல சமயம் அதை ஒட்டித்தான் இருக்கும். முப்பரிமாண ஸ்பின் எக்கோ முறையில் எடுக்கும் ஏ.எஸ்.எல்.லில் அந்தச் சிக்கல் வெகு குறைவு.

குறைகளும் சின்னவை இல்லை. ரத்தத்தில் வைத்த அடையாளம் 3 டெஸ்லா (காந்த வலிமை) ஸ்கேனரில் 1.65 விநாடி என்ற கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். 2 விநாடி காத்திருந்தால் மிஞ்சுவது சுமார் 30 சதவீதம். கழுத்துத் தமனி அடைத்திருந்தால், மூளைத் தமனிகள் மெல்லச் சுருங்கும் மோயாமோயா நோய் இருந்தால், ரத்தம் தாமதமாக வந்துசேரும். திசு கருப்பாகவும் தமனி மட்டும் பளிச்சென்றும் தெரியும். அதைப் பார்த்து "ரத்தமே இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. வெள்ளைத் திசுவின் எண்ணை நான் நம்புவதில்லை. வரும் வழியில் காபி குடித்துவிட்டு வந்தால் ஓட்டம் நிஜமாகவே இறங்கிவிடும். ரத்தசோகையில் ஓட்டம் ஏறும், கணக்கும் பிசகும். கீமோ எடுப்பவர்களிடம் இது சகஜம், அதனால் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் எண்ணை எழுதுவதில்லை. கட்டியின் எண்ணை மறுபக்கத்துச் சாம்பல் திசுவின் எண்ணோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். என் அனுபவம் முழுக்க 3 டெஸ்லாவில்தான். 1.5-இல் அடையாளம் இன்னும் சீக்கிரம் தேயும், சிக்னலும் குறையும். அங்கே இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது ஐவிம். யோசனை அழகானது. நுண்குழாய்களில் ஓடும் ரத்தத்தையும் வேகமான ஒரு டிஃப்யூஷன் மாதிரியே எடுத்துக்கொண்டு, பி-மதிப்பு (டிஃப்யூஷன் அசைவை எவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறோம் என்ற அளவு) 200-க்குக் கீழே பல படங்கள் எடுத்துப் பிரிக்கலாம் என்று பிரான்சின் டெனி லெ பியான் 1986-இல் காட்டினார். ஊசி வேண்டாம், ரத்தம் வந்துசேரும் தாமதமும் பெரிதாகக் குறுக்கிடாது. ஆனால் மூளையில் ரத்தத்தின் பங்கு சில சதவீதம்தான், இரைச்சலில் அது மூழ்கிவிடுகிறது. மூளை மடிப்புகளுக்கு இடையிலுள்ள நீரும் வேகமாக அசைவதால் ரத்தம் போல வேஷம் போடும். நாங்கள் எடுத்துப் பார்த்தது சொற்பம், அதனால் இதைத் தள்ளுபடி செய்யும் உரிமை எனக்கில்லை. வழக்கமான ரிப்போர்ட்டில் சேர்க்கும் துணிச்சல் மட்டும் இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் வரிசை இது: டிஃப்யூஷன், பிறகு ஏ.எஸ்.எல்., அதை அங்கேயே கன்சோலில் சரிபார்த்து, தேவையானால் இன்னொரு தடவை, அதன்பிறகே காண்ட்ராஸ்ட். எண் கட்டியா, செத்த திசுவா என்று சொல்ல முடியாமல் நடுவில் தொங்கினால், நரம்பு நன்றாக இருப்பவர்களை மட்டும் அடுத்த முறை டி.எஸ்.சி.யோடு வரச் சொல்கிறோம்.