1932 ஃபோர்டு ஹாட் ராடுக்கு எந்தச் சக்கரம், எந்த டயர்?

கலிஃபோர்னியாவில் என் நண்பர் ஒருவர் மூன்று வருஷமாக ஒரு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை, அதாவது நிலையான கூரை இல்லாத சின்னத் திறந்த காரை, ஹாட் ராடாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டினால் அதுதான் ஹாட் ராட். ஒஹையோவின் ப்ரூக்வில்லில் புதிதாக அடித்த இரும்பு உடல், 1940களின் ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் (ஃபோர்டின் பழைய எட்டு சிலிண்டர் எஞ்சின்), பின்னால் அதே காலத்து ஃபோர்டு ஆக்சில். உடலையும் எஞ்சினையும் இரண்டு நாளில் முடிவு செய்துவிட்டார். சக்கரமும் டயரும் முடிவாக ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் கூடவே இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏன் அவ்வளவு நாள்? மட்கார்டு கழற்றிய வண்டி அது. சக்கரம் முழுசாக வெளியே தெரியும். ஐம்பது அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு எஞ்சின் தெரியாது, மீட்டர் தெரியாது. சக்கரத்தை வைத்துத்தான் வண்டியின் வருஷத்தைப் படிப்பார். 1941 பாணியில் எல்லாம் செய்துவிட்டு 1964-இல் வந்த சக்கரத்தை மாட்டினால், பெயர் சொல்லத் தெரியாதவருக்கும் எதுவோ உறுத்தும். அதனால் முதல் கேள்வி எந்தச் சக்கரம் அழகு என்பது இல்லை. உங்கள் வண்டி எந்த வருஷத்தில் நிற்கிறது என்பதுதான். அதைச் சொல்லிவிட்டால் பாதிப் பட்டியல் தானாக அடிபட்டுவிடும்.

தெற்கு கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், மூராக்கிலும் எல் மிராஜிலும், பையன்கள் பழைய ஃபோர்டுகளை விரட்டிய காலம் ஒன்று. அவர்களை ஒழுங்குபடுத்த எஸ்.சி.டி.ஏ. என்ற தெற்கு கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் 1937-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அவர்கள் திரும்பிய பின், 1948-இல் ‘ஹாட் ராட்’ பத்திரிகை, 1949-இல் பான்வில் உப்புத் தரையில் முதல் வேக வாரம் என்று விரிந்தது அடுத்த காலம். நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) பந்தயமும் குரோம் முலாமும் கோலோச்சிய 1950களின் பிற்பகுதியும் 1960களும் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் மூன்று விதக் கால்கள்.

கம்பிச் சக்கரமா, 1940 ஸ்டீலா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான் என்பது என் கருத்து.

1932 ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்தது 18 அங்குலக் கம்பிச் சக்கரத்தோடு. 1933, 34-இல் அது 17 ஆனது, 1935-இல் 16. போருக்கு முந்திய ஹாட் ராடுகளில் இந்த 16 அங்குலக் கம்பிச் சக்கரத்தையும், கெல்ஸி-ஹேய்ஸ் நிறுவனத்தின் கம்பிச் சக்கரத்தையும் விரும்பி மாட்டினார்கள். ஒல்லியான வண்டிக்கு ஒல்லியான சக்கரம். ஆரங்களுக்கு நடுவே பிரேக் டிரம் தெரியும். வண்டி ஓடும்போது ஆரங்கள் மங்கி ஒரு வலை மாதிரி ஆகும். அந்த அழகுக்கு ஈடு எதுவும் இல்லை, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஃபோர்டின் கம்பிச் சக்கரத்தை நம் சைக்கிள் சக்கரம் மாதிரி நினைக்கக் கூடாது. சைக்கிளில் கோட்டம் விழுந்தால் ஆரத்தை முறுக்கி எடுத்துவிடலாம். இதில் ஆரங்கள் இரண்டு முனையிலும் பற்றவைக்கப்பட்டவை. முறுக்கித் திருத்த நிப்பிளே கிடையாது. எண்பது, தொண்ணூறு வருஷத்தில் எத்தனை பள்ளத்தில் விழுந்திருக்குமோ, அத்தனையும் அதில் பதிந்திருக்கும். நண்பர் பார்த்த ஐந்தில் இரண்டு மட்டுமே சுழற்றிப் பார்த்தபோது நேராக ஓடின.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். 1939-இலிருந்து ஃபோர்டு, எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. ஹாட் ராட் கட்டுகிற பலரும் அந்தப் பிரேக்கைத்தான் பழைய வண்டிக்கு மாற்றுகிறார்கள், மாற்றவும் வேண்டும். கம்பிச் சக்கரமோ போல்ட்டைச் சுற்றி மட்டும் உட்காருவதில்லை, அதற்கு வெளியே ஒரு வட்டத்தில் தாங்கல் வேண்டும். புதிய டிரம்மில் அந்த இடம் இல்லை. இடையில் ஒரு இரும்பு வளையம் கொடுக்காமல் நட்டை இறுக்கினால் சக்கரத்தின் நடுப்பகுதி உள்பக்கம் வளையும், நாளடைவில் விரிசல் விடும். வளையம் சின்னச் செலவுதான். அது வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

1940 ஃபோர்டின் ஸ்டீல் சக்கரத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 16 அங்குல விட்டம், 4 அங்குல அகலம், ஐந்து போல்ட், 5.5 அங்குல போல்ட் வட்டம் (போல்ட்டுகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்). 1936 முதல் 39 வரை ஃபோர்டு 10.25 அங்குல அகன்ற வட்டத்துக்குப் போய்விட்டு, 40-இல் மறுபடி 5.5-க்குத் திரும்பியது. ஹைட்ராலிக் டிரம்மோடு பிறந்த சக்கரம் என்பதால் அப்படியே உட்காரும். போருக்குப் பின் பழைய இரும்புக் கடைகளில் இது குவிந்து கிடந்தது, விலையும் மலிவு. அதனால்தான் 1940களின் பிற்பகுதிப் படங்களில் எங்கு பார்த்தாலும் இதுவே நிற்கிறது. சிவப்போ வெளிர்மஞ்சளோ பூசி, நடுவில் ஃபோர்டு மூடி, ஓரத்தில் பளபளக்கும் வளையம். முடிந்தது. பந்தய நாளில் அதன்மேல் ஹாட் ராட் உதிரிபாகங்கள் செய்த டீன் மூன் கொண்டுவந்த தட்டையான அலுமினியத் தட்டை மாட்டினால் காற்று ஆரவாரமில்லாமல் வழுக்கிப் போகும்.

இது வெறும் சிக்கனத் தேர்வு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கறுப்பு ரோட்ஸ்டருக்குச் சிவப்பு ஸ்டீல் சக்கரம் போட்டு, மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள்.

குரோமும் மக்னீசியமும்

1950களின் கடைசி, 60களின் தொடக்கம் என்று முடிவு செய்தவருக்கு ‘குரோம் ரிவர்ஸ்’ இருக்கிறது. ரிம்மைத் திருப்பிப் பற்றவைத்து, குழிவான பக்கம் வெளியே வரும்படி செய்து, முழுசாகக் குரோம் பூசியது. அகன்ற வெள்ளைப் பட்டை டயரோடு இது கண்ணைப் பறிக்கும். ஆனால் சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங்கின்மேல் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும். பின்பக்கம் போடலாம், முன்பக்கம் அளவோடு இருக்க வேண்டும்.

மக்னீசியத்தில் முதல் பெயர் டெட் ஹாலிபிராண்ட். இண்டியானாபோலிஸ் பந்தய வண்டிகளுக்காக அவர் வார்த்த சக்கரம், எடை குறைவு, பார்வைக்குப் பந்தயக்களம் அப்படியே தெரியும். அசல் கிடைத்தால் விலை மலைக்க வைக்கும். பழைய மக்னீசியம் உள்ளுக்குள் அரித்துப் போகும், வெள்ளைப் பொடி கட்டும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனை செய்யாமல் அதை ஓடும் வண்டியில் மாட்டக் கூடாது. அதே வடிவத்தை இன்று அலுமினியத்தில் வார்த்து விற்கிறார்கள்; ஓட்டுவதற்கு அதுவே சரி. அமெரிக்கன் ரேசிங்கின் டார்க் த்ரஸ்ட், க்ரேகர் எஸ்.எஸ். இரண்டும் 1960களுக்கு உரியவை. அருமையான சக்கரங்கள்தான், ஆனால் ஃபிளாட்ஹெட் எஞ்சின் போட்ட வண்டிக்கு அவை இருபது வருஷம் பிந்தியவை.

டயர்: நைலானா, ரேடியலா?

இங்கேதான் ஏழு மாதத்தில் நான்கு மாதம் போனது.

அந்தக் காலத்து டயர் எல்லாம் பயாஸ் பிளை. நம்மூர் லாரிக்காரர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்வதும் இதே கட்டமைப்பைத்தான். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும். ரேடியலில் நூல் நேர்குறுக்காக, விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போகும். மேலே இரும்புப் பட்டை. மிஷெலின் இதற்கு 1946-இல் காப்புரிமை எடுத்தாலும் அமெரிக்கக் கார்களில் இது பரவலானது 1970களில்தான். ஆக, 1948 வண்டியில் ரேடியல் என்பது கணக்குப்படி தப்பு.

கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். பயாஸ் டயரின் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், தோள் வட்டமாக இருக்கும். சாதாரண ரேடியல் தரையைத் தொடும் இடத்தில் வயிறு தள்ளும்.

சரி, ஓட்டினால்? நண்பரின் அறிமுகத்தில் ஒருவர் பயாஸ் டயர் போட்ட தன் வண்டியை எங்களுக்கு ஒரு காலை முழுக்கக் கொடுத்தார். இரவு முழுக்க நின்ற வண்டி. கிளம்பியதும் தடக், தடக் என்று பின்பக்கம் உதைத்தது. நின்ற இடத்தில் நைலான் நூல் தட்டையாகப் படிந்துவிடும். சூடாகும் வரை அப்படித்தான். நாலைந்து மைலில் சத்தம் நின்றது. அப்புறம் நெடுஞ்சாலை. கான்கிரீட்டில் நீளவாக்கில் போட்ட வரிப் பள்ளம் வந்ததும் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தின் பின்னாலேயே போகப் பார்த்தது. ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை, சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பயம் இல்லை, ஆனால் களைப்பு. ஊருக்குள் முப்பத்தைந்து மைல் வேகத்தில் அதே டயர் அவ்வளவு இதமாக இருந்தது.

கோக்கர் டயர் நிறுவனம் டென்னஸியின் சட்டனூகாவிலிருந்து ஃபயர்ஸ்டோனின் பழைய டிலக்ஸ் சாம்பியன் டயரை அதே வார்ப்பு அழகோடு இன்றும் விற்கிறது. அவர்களிடமே எக்செல்சியர் ஸ்டால் ஸ்போர்ட் என்று ஒன்று உண்டு: உள்ளே ரேடியல், வெளியே பழைய டயரின் நிமிர்ந்த முகம். நாலடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மாதம் ஒருமுறை கண்காட்சிக்கும் பக்கத்து ஊருக்கும் மட்டும் போகிறவர் பயாஸ் போடட்டும். அந்தச் சத்தமும் அந்த அலைச்சலும் சேர்ந்ததுதான் 1948. நூறு மைல் தாண்டி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவருக்குப் பழைய முகம் கொண்ட ரேடியல். இரண்டையும் ஒரே ஆக்சிலில் கலக்கவே கூடாது. ரேடியலுக்குள் டியூப் போடுவதானால் ரேடியலுக்கென்று செய்த டியூபே வேண்டும். பக்கச்சுவரில் எழுதிய நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இந்த வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது.

அளவில் ஒரு பழைய ஞானம் உண்டு: முன்னால் சின்னது, பின்னால் பெரியது. முன்னால் 5.50-16, பின்னால் 7.50-16 (முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்). முன் டயர் சுமார் 27 அங்குல உயரம் நிற்கும், பின் டயர் சுமார் 31. வண்டி மூக்கைத் தாழ்த்திப் பாயத் தயாராக நிற்பது இதனால்தான். வெறும் தோற்றம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டபோது புரிந்தது: 3.78 பின் கியரோடு (டாப் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 3.78 சுற்று) மணிக்கு 60 மைல் போக, 27 அங்குல டயரில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,820 சுற்று சுற்ற வேண்டும். 31 அங்குலத்தில் 2,460 போதும். ஏரிப் படுகையில் உச்ச வேகம் தேடியவர்கள் பின்னால் பெரிய டயர் போட்டதற்கு இதுதான் காரணம். 7.50 டயருக்கு 4 அங்குல ரிம் குறுகல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்துக்கு 5 அங்குல அகலம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஸ்கேலைக் கையில் எடுங்கள்

நண்பர் முதலில் வாங்கிய நான்கு சக்கரமும் வண்டியில் ஏறவில்லை. ‘பழைய ஃபோர்டு, ஐந்து போல்ட்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் 1949-இலிருந்து ஃபோர்டு கார்களின் போல்ட் வட்டம் 4.5 அங்குலம், ஷெவர்லேயில் 4.75. படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்து துளையில் எதிரெதிர்த் துளை கிடையாது என்பதால் நேரே அளக்கவும் முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 3¼-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் அது 5.5 வட்டம். 2⅝-ஐ ஒட்டி வந்தால் 4.5. அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாததால் அவருக்குப் போக, வர லாரிக் கூலி நஷ்டம்.

கடைசியில் நண்பர் எடுத்தது சிவப்புப் பூசிய 1940 பாணி ஸ்டீல் சக்கரம், பழைய முகம் கொண்ட ரேடியல், முன்னால் சின்னது பின்னால் பெரியது. கம்பிச் சக்கரம் அவர் மனசில் இன்னும் இருக்கிறது, நேராக ஓடிய அந்த இரண்டையும் வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். மாட்டிய அன்றே ஐம்பது மைல் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை மறுபடி இறுக்கினோம். புதுப் பெயிண்ட் நட்டுக்குக் கீழே நசுங்கி இடம் விடும். இருபதில் மூன்று நட்டு கால் சுற்று உள்ளே போனது.