இரண்டு எபிக் போட்ட சர்வர்: ஐந்து வருடம் ஓட்டிய அனுபவம்

திரவ ஓட்டக் கணக்கீடுகளுக்காக 2020-ல் வாங்கினோம். ஏஎம்டி எபிக் 7452 சிப் இரண்டு, ஒவ்வொன்றிலும் 32 கோர் (கணக்குப் போடும் பகுதி). அப்போது இன்டெலின் வழக்கமான ஜியான் சர்வர் சிப் 28 கோருக்கு மேல் போகவில்லை. ரேம் சேனலும், அதாவது சிப்புக்கும் ரேமுக்கும் நடுவே தரவு போய்வரும் பாதையும், 6 தான். எபிக்கில் 8. எங்கள் வேலைக்கு இந்த எட்டுதான் பெரிய விஷயம்.

வந்த புதிதில் வேகமே இல்லை. மூடியைத் திறந்தால், விற்றவர் சிப்புக்கு நாலு ரேம் மட்டும் செருகியிருந்தார். பாதிச் சேனல் காலி! மீதியையும் வாங்கிப் போட்டோம். விடியும் வரை ஓடிய கணக்கு, நள்ளிரவு வாக்கிலேயே முடிந்தது. அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம், ஒரு சாக்கெட்டில் (சிப் உட்காரும் இடம்) ஓடும் புரோகிராம் பக்கத்து சாக்கெட்டின் ரேமைத் தேடிப் போனால் தாமதம் கூடும். புரோகிராமை அதனதன் சாக்கெட்டிலேயே கட்டிப்போடுங்கள்.

ரேமோடு பேசும் பகுதியான ரேம் கண்ட்ரோலரைச் சிப்புக்குள் வைப்பதை ஏஎம்டி 2003-லேயே ஆப்டெரான் சர்வர்களில் செய்துவிட்டது. ஜியான் அந்த வழிக்கு வர 2009 ஆனது. எபிக் 12 சேனலுக்குப் போனது 2022-ல்; இன்டெல் 2024-ல் ஜியான் 6-ல் அதை எட்டிவிட்டது. அதனால் அடுத்த சர்வருக்கு, எங்கள் கணக்கை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.