பழைய சாகசங்களை மூட்டை கட்டலாமா?

ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஆட ஆறு பேர் உட்கார்ந்தாயிற்று. கேரக்டர் ஷீட் தயார், டைஸ் தயார். ஆட்டத்தை நடத்துபவர், அதாவது ஜிஎம், ஒரு சாகசத்தின் (ஆடுவதற்கென்று எழுதிவைத்த கதையின்) பெயரைச் சொல்கிறார். "அதை நான் போன வருஷமே ஆடிட்டேனே" என்கிறார் ஒருவர். அடுத்த பெயருக்கு இன்னொருவர் உதட்டைப் பிதுக்குகிறார். மூன்றாவது பெயருக்கு இரண்டு கைகள் உயர்கின்றன. அரை மணி நேரம் இப்படியே போய்விடும். பொதுக் கேம்பெயினில் நாலைந்து வருடம் இருந்த யாருக்கும் இது பழகிய காட்சிதான்.

பொதுக் கேம்பெயின் என்றால், நண்பர்கள் நாலு பேர் வீட்டில் ஆடுவது அல்ல. எந்த ஊரில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே உலகம், ஒரே விதி. இங்கே சம்பாதித்த லெவலையும் பொன்னையும் அங்கே கொண்டுபோகலாம். அதற்கு எல்லோரும் ஒரே பட்டியலிலிருந்துதான் சாகசங்களை எடுத்து ஆட வேண்டும். வருடம் ஆக ஆகப் பட்டியல் நீள்கிறது. விதிகள் மாறுகின்றன, கதை நகர்கிறது, செத்துப்போன பாத்திரம் பழைய சாகசத்தில் உயிரோடு வந்து வேலை சொல்கிறது. அப்போதுதான் கேள்வி வருகிறது: பழையவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா?

இதற்கு மூன்று பெரிய கேம்பெயின்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

முதலாவது லிவிங் கிரேஹாக். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்போடு 2000-இல் ஆரம்பித்து 2008 இறுதி வரை ஓடியது. நடத்தியது ஆர்பிஜிஏ என்ற ஆட்டக்காரர் சங்கம். கற்பனை உலகின் நாடுகளை நிஜ உலகின் ஊர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிரான்ஸ்காரர்களுக்கு எக்பீர், பிரிட்டன்காரர்களுக்கு ஆன்வால். அந்தந்த வட்டாரத்துச் சாகசத்தை அந்த வட்டாரத்துக்குப் போய்த்தான் ஆட முடியும். ஒரு கேரக்டருக்கு வருடத்துக்கு 52 டைம் யூனிட். சாகசத்துக்குப் போனால் அதில் கழியும், வெளி வட்டாரம் என்றால் கூடுதலாகக் கழியும். நம் ஆபீஸ் லீவு கணக்கு போலத்தான்.

எட்டு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாகசங்கள் எழுதப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருந்தது. கெடு முடிந்தால் ஓய்வு. அதற்குப் பிறகு ஆடினாலும் கணக்கில் சேராது. இவை கடையில் விற்கப்பட்டவையும் அல்ல. அதனால் தவறவிட்டவர் தவறவிட்டவர்தான்.

கேட்கும்போது கொடுமையாக இருக்கிறது. ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய லாபம் உண்டு: உலகம் நிஜமாகவே நகரும். ஒரு கோட்டை விழுந்தால் விழுந்ததுதான். போன வருடத்துச் சாகசத்தில் அது இன்னும் நிற்பதாக யாரும் நாளை வந்து ஆடப்போவதில்லை. எழுதுகிறவர்களுக்குக் கை கட்டிப்போட்டதுபோல் இருக்காது. "நான் அப்போது அந்த மேசையில் இருந்தேன்" என்று சொல்லிக்கொள்வதற்கும் ஒரு மதிப்பு இருந்தது. திருவிழாவுக்கு நேரில் போனவர்கள் பேசுகிற தோரணை அது. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. ஆனால் கூட்டமும் எழுதுகிறவர்களும் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால்தான் இது ஓடும். வரத்து நின்றால் பட்டியல் மாதாமாதம் சுருங்கும்.

இரண்டாவது பாத்ஃபைண்டர் சொசைட்டி, பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் பொதுக் கேம்பெயின். இது கிட்டத்தட்ட நேர் எதிர். 2008 ஆகஸ்டில் தொடங்கியது. அப்போது பாத்ஃபைண்டர் விதிப் புத்தகமே வந்திருக்கவில்லை. முதல் வருடத் தொகுப்பான சீசன் 0-இன் 28 சாகசங்களும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பு விதியில் எழுதப்பட்டவை. அடுத்த வருடம் சொந்த விதி வந்தது. பழையவற்றைத் தூக்கிப் போட நல்ல சாக்கு கிடைத்தும் அவர்கள் போடவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு மட்டும் ஓய்வு கொடுத்துவிட்டு, மற்றதை ஜிஎம்மே மாற்றி நடத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 2019-இல் இரண்டாம் பதிப்பு வரும்வரை சேர்ந்த மொத்தம் 250-ஐத் தாண்டும்.

இதை ஏன் செய்தார்கள் என்பதற்கு மறு ஆட்ட விதியைப் பார்த்தால் போதும். பொதுவாக ஒரு சாகசத்தை ஆடுபவராக ஒருமுறை, ஜிஎம்மாக ஒருமுறைதான் கணக்கில் சேர்க்கலாம். மூன்று சாகசத்துக்கு ஒரு லெவல். பன்னிரண்டாம் லெவலைத் தொட 33 சாகசம் வேண்டும். இரண்டாவது கேரக்டர் ஆரம்பித்தால் இன்னும் 33, அதுவும் வேறு 33. வருடத்துக்கு இரண்டு டஜன் சொச்சம் புதிதாக வருகிற இடத்தில், பழையதை எடுத்துவிட்டால் பழைய ஆட்டக்காரர் பட்டினிதான். மேசை கூடாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒருமுறை விதி. பழி மட்டும் பழைய சாகசத்தின் தலையில் விழுகிறது.

சரி, பழையதை வைத்துக்கொள்வதில் வலியே இல்லையா? உண்டு, அதைச் சுமப்பவர் ஜிஎம். சீசன் 0 சாகசம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அரக்கனின் விவரத்தில் 'ஸ்பாட்', 'லிஸன்' என்று இரண்டு திறன் இருக்கும். புதிய விதியில் இரண்டும் சேர்ந்து 'பர்செப்ஷன்' ஆகிவிட்டது. 'ஹைட்', 'மூவ் சைலன்ட்லி' இரண்டும் 'ஸ்டெல்த்'. ஒருவர் அரக்கனின் காலை வாரிவிடப் பார்க்கிறார் என்றால் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று சொல்லும் சிஎம்டி என்ற எண் வேண்டும். அது அச்சில் இருக்காது. பத்தோடு அடிப்படைத் தாக்குதல் எண், ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, உருவ அளவு எல்லாவற்றையும் கூட்டி ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கல்ல, வருகிற ஒவ்வொன்றுக்கும்.

அதையும் செய்துவிட்டால் அடுத்த சிக்கல். சீசன் 3 வரை எழுதப்பட்டவை நாலு பேரை மனதில் வைத்தவை. நாலாவது சீசனிலிருந்துதான் ஆறு பேருக்கு எழுதி, நாலு பேர் வந்தால் எதைக் குறைக்க வேண்டும் என்று குறிப்பும் கொடுத்தார்கள். பழையதை ஆறு பேரோடு நடத்தினால் வில்லன் வசனம் பேசி முடிப்பதற்குள் சுருண்டுவிடுவான். நான் ஒருமுறை மூன்று நாள் உட்கார்ந்து தயார் செய்த கடைசிச் சண்டை ஒன்றரை ரவுண்டில் முடிந்தது. அந்த அரை ரவுண்டுகூட யாரோ டைஸைத் தரையில் தேடியதால்தான்.

அப்புறம் அந்தச் சீட்டுகள். பழைய சாகசங்களில், கேரக்டர்கள் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு உள் அணிக்கும் ரகசிய வேலை சொல்லும் சீட்டு உண்டு. ஐந்தாவது சீசனில் அந்த வழக்கத்தையே நிறுத்தினார்கள். ஷேடோ லாட்ஜ், லாண்டர்ன் லாட்ஜ் என்ற இரண்டு அணிகள் அதற்குள் கலைந்துபோயின. அவர்களுக்கான சீட்டு மட்டும் பழைய பிடிஎஃப்களில் ஆளில்லாத வீட்டுக்கு வந்த கடிதம் மாதிரி கிடக்கிறது. புதியவர்களுக்காக எழுதிய 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' மூன்று பாகங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஓய்வு கொடுத்து முதல் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மொத்தமாக வெட்டாமல் கிளை பார்த்து வெட்டியது என்று இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது அட்வென்ச்சரர்ஸ் லீக், 2014-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்போடு வந்தது. இவர்கள் இரண்டு சோதனை செய்தார்கள், இரண்டும் கசந்தன. 2018-இல் எட்டாவது சீசனில் சாகசங்களை விட்டுவைத்து, பரிசுகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். புத்தகத்தில் இத்தனை பொன், இன்ன மந்திர வாள் என்று அச்சடித்திருக்கும், ஆனால் எடுத்துக்கொள்ள முடியாது. ஆடிய நேரத்துக்குப் புள்ளி, புள்ளிக்குப் பொருள், பொன்னோ லெவல் ஏறும்போதுதான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிற கேரக்டரை யார் ஆட விரும்புவார்கள்? எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

2020-இல் பத்தாவது சீசனில் வேலி போட்டார்கள். புதிய கேரக்டர்கள் ஒரு பக்கம், பழைய சாகசங்களும் அவற்றை ஆடும் கேரக்டர்களும் இன்னொரு பக்கம். தாளில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு, யாருடையதும் பறிபோகவில்லை. ஆனால் விளையாட்டுக் கடையில் ஆட ஏழு பேர் வருகிற ஊரில் வேலி போட்டால் மூன்றும் நாலுமாகப் பிரிவார்கள், இரண்டு மேசையும் தள்ளாடும். அந்தப் பிரிவு நீடிக்கவில்லை.

வேலியே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். பாத்ஃபைண்டர் சொசைட்டி 2019-இல் போட்டதும் வேலிதான்: இரண்டாம் பதிப்புக்குத் தனிக் கேம்பெயின், பழைய கேரக்டர் அங்கே வர முடியாது, முதல் பதிப்புக்குப் புதிய சாகசம் வராது, இருப்பதை ஆடிக்கொள்ளலாம். அது ஒப்புக்கொள்ளப்பட்டதற்குக் காரணம் விதியே வேறாகிவிட்டது என்பதுதான். ஒரே விதிக்குள் சீசன் நம்பரை வைத்துக் கோடு கிழித்தால் யாருக்கும் மனசு ஒப்பாது.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. உடைந்ததையும், கதையோடு மோதுவதையும் காரணம் சொல்லி, ஒவ்வொன்றாக எடுங்கள். மற்றவை கிடக்கட்டும். கதை வேகமாக ஓட வேண்டும், எழுத ஆளும் ஆட ஆளும் குறையாமல் வருகிறார்கள் என்றால் கிரேஹாக் முறையை நானும் யோசிப்பேன். அப்படி ஒரு கூட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் சொன்ன ஆறு பேருக்கு வருகிறேன். அந்த ஜிஎம் நான்தான். கடைசியில் சீசன் 0-இலிருந்து ஒன்றைச் சொன்னேன். ரொம்பப் பழசு என்று எல்லோரும் ஒதுக்கியதாலேயே அதை யாரும் ஆடியிருக்கவில்லை. ஆறு தலையும் ஆடியது. அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் பென்சிலைச் சீவினேன்.