நைட்ரஸா, தண்ணீர்த் தெளிப்பா, இன்டர்கூலரா: டெல்டா லாரிக்கு எது கட்டுபடியாகும்?

போன தை அறுவடையின்போது அக்கா மகன் ஒரு கேள்வியோடு வந்தான். நீடாமங்கலம் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றும் ஆறு சக்கர லாரி அவனுடையது. பி.எஸ்.3 என்ற பழைய புகை விதிக்கால வண்டி, டீசல் ஊற்றுவது பழைய மெக்கானிக்கல் பம்ப். "மாமா, லோடு ஏத்துனா இழுவையே இல்ல. கறுப்பா புகை தள்ளுது. அமெரிக்காவுல டீசல் டிரக்குக்கு நைட்ரஸ் பாட்டில் மாட்டுறாங்களே, நாமளும் மாட்டிப் பார்க்கலாமா?" என்றான். டீசல் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் நைட்ரஸையே எடுத்துக்கொள்வோம். நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது, எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும். காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். சுமார் 300 டிகிரி வெப்பத்தில் மூலக்கூறு உடையத் தொடங்கி அந்த ஆக்சிஜன் வெளியே வரும். கறுப்புப் புகை என்பது எரிய ஆக்சிஜன் கிடைக்காத டீசல்தானே? அதனால்தான் நைட்ரஸ் திறந்ததும் புகை சட்டென்று அடங்கி வண்டி பாய்கிறது. பெட்ரோல் வண்டியில் கூடவே பெட்ரோலும் பீய்ச்சவேண்டும். டீசலில் பம்ப் ஏற்கெனவே அதிகம் ஊற்றிக்கொண்டிருந்தால் நைட்ரஸ் மட்டும் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 9.3 கிலோ நைட்ரஸ் வேண்டும். சந்தையில் பரவலாகப் புழங்கும் பாட்டிலின் கொள்ளளவு 4.5 கிலோ. அதாவது ஒரு முழுப் பாட்டிலும் சேர்ந்து அரை லிட்டருக்குச் சற்று கூடுதலான டீசலைத்தான் எரிக்கும். 100 குதிரைத்திறன் கூட்டினால் இரண்டு நிமிடத்தில் பாட்டில் காலி. பந்தய மைதானத்தில் அரை நிமிடம் ஓடுபவனுக்கு அது தாராளம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வரை மூட்டையோடு போகிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்து, நின்ற இடத்திலிருந்து லோடு வண்டியை நகர்த்தும்போது உதவுமே என்று கேட்டான். அங்கேதான் அது மிக ஆபத்து. குறைந்த சுற்றில், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போ இன்னும் காற்றுத் தள்ளத் தொடங்காத நேரத்தில் நைட்ரஸ் போனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஒரேயடியாக எகிறும். ஹெட் கேஸ்கட் பறக்கும், கனெக்டிங் ராடு வளையும். டர்போ முழு அழுத்தத்துக்கு வந்து, இன்ஜின் நடுச் சுற்றைத் தாண்டி, பெடல் முழுதும் மிதிபட்ட பிறகுதான் திறக்கவேண்டும்.

நம் ஊர் வெயில் இன்னொரு தொல்லை. நைட்ரஸ் பாட்டிலுக்குள் திரவமாக இருப்பது 36.4 டிகிரி வரைதான். அதைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. 20 டிகிரியில் 50 பார் சொச்சம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இருக்கும் அழுத்தம், 36.4-இல் 72 பாருக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகு இன்னும் வேகமாக ஏறும். கத்திரி வெயிலில் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ நிறுத்திய லாரியின் கேபினுக்குள் என்ன சூடு இருக்கும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, தனியார் இடத்தில் பந்தயத்துக்கென்றே ஒருவர் மாட்டுவதாக இருந்தால் சில விஷயங்களில் சமரசமே கூடாது. பாட்டிலைக் கேபினுக்குள் வைக்கவே கூடாது. நிழலில், கிளாம்ப் போட்டு இறுக்கி, பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு வெளியே போகக் குழாய் வைக்கவேண்டும். வால்விலும் குழாய் இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பட்டறைக்காரன் கைக்கு இதுதான் கஷ்டம், ஆனால் இதில்தான் தீப்பிடிக்கும். வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். அழுத்தம் குறைகிறதென்று பாட்டிலை நெருப்பில் காட்டவே கூடாது. மெயின் சுவிட்ச், பெடல் சுவிட்ச், டர்போ அழுத்த சுவிட்ச், சுற்று பார்க்கும் சுவிட்ச் என நான்கும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் சோலனாய்டு என்ற மின்சார வால்வு திறக்கவேண்டும். சோலனாய்டு கசிந்து, நின்ற இன்ஜினுக்குக் காற்றுப் போகும் மேனிஃபோல்டில் வாயு தேங்கினால், அடுத்த ஸ்டார்ட்டில் வெடிக்கும். ஆகவே ஓட்டம் முடிந்ததும் பாட்டில் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ளதை வெளியேற்றிவிடவேண்டும். டர்போவுக்கு முன்னால் புகை வெப்பமானி கட்டாயம். 700 டிகிரி தாண்டி நின்றால் அலுமினிய பிஸ்டன் தாங்காது. நைட்ரஸ் பாயும் ஜெட்டில் சின்னத் துளையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றவேண்டும்.

மருத்துவமனை சிலிண்டரில் பிடித்து வரலாம் என்று யாராவது சொன்னால் அவரைக் கிட்டே சேர்க்காதீர்கள். உயர் அழுத்த சிலிண்டரில் வாயு நிரப்புவது 2016-ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டது, உரிமம் வேண்டும். மூடிய கேபினில் கசிந்தால் மூச்சு முட்டும். அடிக்கடி சுவாசித்தால் உடம்பில் வைட்டமின் பி12 செயலிழந்து நரம்பு கெடும். சாலையில் ஓடும் லாரியில் இப்படி மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டிக்காரர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம். நைட்ரஸால் நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், அதைப் பார்ப்பதற்கென்றே புகைக்குழாயில் சென்சார் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர்த் தெளிப்பு. இதுவும் நைட்ரஸைப் போலவே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர் விமானங்களில் புழங்கியதுதான். நைட்ரஸ் அங்கே காற்று மெலிந்த உயரத்துக்காக. தஞ்சாவூரோ கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரம் இல்லை, நமக்குக் காற்றுப் பஞ்சமில்லை. நமக்குப் பிரச்சினை சூடான காற்று, அதற்குத் தண்ணீர் பொருந்தும். டர்போவுக்குப் பின்னால் பனிபோலத் தெளித்தால் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கும் நல்லது, நைட்ரஜன் ஆக்சைடு புகையும் குறையும். வெளிநாட்டில் பாதிக்குப் பாதி மெத்தனால் கலப்பார்கள். இங்கே அது வேண்டவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற விஷம் அது. டேங்கில் ஊற்றி வைத்ததை யாராவது சாராயம் என்று நினைத்துக் குடித்தால் என்ன செய்வது? வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரே போதும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் நாசிலில் உப்புப் படிந்து அடைக்கும்.

டீசலைக் கூட்ட பம்ப் ஸ்குருவைத் திருகுவதுதான் இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே மோசம். பல வருடங்களுக்கு முன் என் வண்டியையே வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இப்படித் திருகிக் கொடுத்தார்கள். இரண்டு நடை ராஜாபோல் ஓடியது. மூன்றாவது நடையில் ஒரு பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்தது. அந்தச் செலவை அடைக்க எனக்கு ஒரு போகம் ஆயிற்று. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் வேறு என்ன ஆகும்? காற்றுக் குழாயில் சமையல் எரிவாயு விடுவதைப் பற்றிப் பேசவே நான் தயாரில்லை.

கடைசியாக இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்திச் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் ஆறவைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். வெளியே 40 டிகிரி இருக்கும்போது டர்போ ஒரு பார் அழுத்தினால் காற்று 130 டிகிரியைத் தாண்டிவிடும். நல்ல இன்டர்கூலர் அதை 60 பக்கம் கொண்டுவந்தால் அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் காற்று உள்ளே போகும். இதற்குப் பாட்டில் நிரப்பவேண்டாம், சுவிட்ச் போடவேண்டாம், நாள் முழுக்கக் கிடைக்கும். ஆனால் அறுவடைக் காலத்து டெல்டாவில் காற்றெல்லாம் பதரும் வைக்கோல் தூசியும்தான். களத்து ஓரம் லோடுக்கு நிற்கும் வண்டியில் அது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் மெத்தை மாதிரி அடைந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகக் காற்றடிக்கவேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும், அப்புறம் இருந்ததும் போச்சு.

அக்கா மகன் வண்டியையும் அப்படித்தான் பிரித்தோம். இரண்டு கை நிறையப் பதர் வந்தது. டர்போ வாயை அடைத்து ஒரு பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினோம். இன்டர்கூலர் ஹோஸ் ஒன்றில் கிளாம்ப் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, நுரை பொங்கியது. ஹோஸும் ஏர் ஃபில்டரும் மாற்றி, இன்ஜெக்டர் நாசில்களைப் பெஞ்சில் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஒழுகின, அவற்றையும் மாற்றினோம். பம்பைத் தொடவில்லை. மறுநாள் மூட்டையோடு நீடாமங்கலம் கேட்டில் நின்று கிளம்பியபோது பின்னால் பைக்கில் வந்தவர் மூக்கைப் பொத்தவில்லை என்று போன் போட்டுச் சொன்னான். இப்போது அறுவடை நாட்களில் ஞாயிறுதோறும் கேபினைத் தூக்கிப் பதர் தட்டுகிறான். தண்ணீர்த் தெளிப்பை வருகிற சித்திரையில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.