அம்மாவ வேன் அடிச்ச கேஸுக்கு போன லோயர் ஒஃபிஸ்: 5க்கு மூனரை

இலங்கைல ஹட்டன் டவுன்ல ஒரு லோயர் ஒஃபிஸ். பேரு போடல, கேஸ் இன்னும் நடக்குது, ஊரும் சின்ன ஊரு.

எங்கம்மா தோட்டத்துல அந்தி பறிச்ச தேயிலைக் கொழுந்த எடை போட்டு குடுத்துட்டு மெயின் ரோட்டு ஓரமா லயத்துக்கு (தோட்டத்து வீட்டுக்கு) நடந்து வரும்போது பின்னால வந்த வேன் அடிச்சிருச்சு, நல்ல பனிமூட்டம், தொடை எலும்பு முறிஞ்சு கம்பி வச்சாங்க. டிரைவர் மஜிஸ்ட்ரேட் கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டு தண்டம் கட்டிட்டு போயிட்டான். நாங்களும் அவ்வளவுதான் கேஸ் முடிஞ்சுதுன்னு சும்மா இருந்துட்டோம். அந்த தண்டக் காசு கவுமென்டுக்கு போறது, அம்மாவுக்கு அதுல ஒரு சதம் இல்ல, நட்டஈடு வேணும்னா மாவட்ட நீதிமன்றத்துல தனியா வழக்கு போடணும், அதுவும் 2 வருசத்துக்குள்ளன்னு இந்த லோயர் சொல்லித்தான் எங்களுக்கு தெரியும். நாங்க போனது 19வது மாசம். மனுசன் முதல்ல கேட்டதே எக்ஸிடன்ட் நடந்த தேதியத்தான், கேட்டதும் செவுத்துல இருந்த கலண்டர பாத்துட்டு "இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க"ன்னு ஒரு ஏச்சு.

வேலை தெரிஞ்ச ஆள், அதுல சந்தேகம் இல்ல. இன்சூரன்ஸ்காரங்க முன்னாடியே லயத்துக்கு வந்து 75,000 தர்றோம்னு இங்கிலீசுல ஒரு பேப்பர் குடுத்திருந்தாங்க, அம்மா கையெழுத்து போடுற நெலமைலதான் இருந்தாங்க. லோயர் அத வரி வரியா தமிழ்ல படிச்சு காட்டினாரு. இதோட எல்லாம் சரி, இனிமே ஒன்னும் கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கு! பேப்பர மடிச்சு பைலுக்குள்ள வச்சுட்டாரு.

நட்டஈட்டு கணக்கு போட்ட விதமும் புடிச்சுது. ஆஸ்பத்திரி துண்டு, ஜேஎம்ஓ (சட்ட வைத்தியர்) ரிப்போட், பொலிஸ் என்ட்ரி கொப்பி எல்லாம் எல்லாருமே கேப்பாங்க. இவரு தோட்டத்து ஒஃபிஸ்ல செக்ரோல் (வேலை நாள், சம்பளம் பதியுற புத்தகம்) விவரம் 12 மாசத்துக்கு எடுக்க வச்சாரு. எத்தன பேரு (முழு நாள் சம்பளம்), எத்தன அரைப்பேரு (அரை நாள்), மேல்கிலோ (அளவுக்கு மேல பறிச்ச கொழுந்து) எவ்வளவு, ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு (பறிச்ச கிலோவுக்கு காசு) பறிச்சாங்களா? அத நாங்க மறந்தே போயிட்டோம்.

இன்னொன்னு. ரோட்டுல எந்தப் பக்கமா நடந்தீங்கன்னு கேட்டாரு. வாகனம் எதுக்க வர்ற வலது பக்கந்தான் நடக்கணும். அம்மா பொய் சொல்லல, "இடது பக்கந்தான் சேர், வலது பக்கம் மூடாத கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) இருக்கு, இருட்டுல விழுந்துருவோம்"ன்னாங்க. சரி, அப்படியே சொல்லுங்க, நம்ம பக்கம் கொஞ்சம் பிழை இருந்தா காசு அந்தளவுக்கு கொறையும், ஆனா கேஸே இல்லாம போகாது, 1968ல வந்த சட்டம் அப்படித்தான் சொல்லுதுன்னாரு. தம்பிய அனுப்பி அந்தக் கானை போட்டோ எடுக்க வச்சாரு. வேன் கொம்பனிக்கு டிமான்ட் லெட்டர், அப்புறம் வழக்கு போட்டு 7 நாளுக்குள்ள இன்சூரன்ஸுக்கு நோட்டீஸ், ஒன்னும் தவறல.

இப்ப கழிச்ச ஒன்னரைக்கு வர்றேன். போன் எடுக்கவே மாட்டாங்க. எடுத்தா அங்க இருக்கிற மிஸ் "சேர் கோர்ட்ல" அப்படிம்பாங்க, சாயந்திரம் ஆறு மணிக்கும் கோர்ட்ல! ரெண்டு தவண தேதி தள்ளி போனத கோர்ட்டுக்கு போன பிறகுதான் சொன்னாங்க, தம்பிக்கு ரெண்டு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு வேற. ரசீது கேட்டாத்தான் தருவாங்க. கோர்ட்ல போட்ட பத்திரம் இங்கிலீசுல, தமிழ்ல ஒரு கொப்பி குடுங்கன்னு மூனு தடவ கேட்டும் இன்னும் வரல.

எல்லாத்துக்கும் மேல ஒஃபிஸ் இருக்கிறது ரெண்டாவது மாடில. கால் ஒடஞ்சவங்க கேஸ் எடுக்கிற எடத்துல படிக்கட்டுக்கு ஒரு கைப்புடி இல்ல. பிரொக்சில (அவர நம்ம லோயரா நியமிக்கிற பத்திரம்) கையெழுத்து வைக்க போன அன்னைக்கு அம்மா நாலு படி ஏறிட்டு முடியலன்னு கீழ இருந்த தேத்தண்ணி கடைல உக்காந்துட்டாங்க. நான் மேல போய் சொன்னதும் லோயர் பைல எடுத்துக்கிட்டு கீழ எறங்கி வந்து, அம்மா பக்கத்துல பெஞ்சுல உக்காந்து, பேனாவையும் தொறந்து குடுத்து கையெழுத்து வாங்கினாரு. தேத்தண்ணிக்கும் அவருதான் காசு குடுத்தாரு. மூனோட நிக்க வேண்டியது, அந்த அரை அதுக்குத்தான்.