ரூட் கெனாலா, புடுங்கறதா, இம்பிளான்ட்டா: எந்தப் பல்லுக்கு எது

பல் வலின்னு போய் உக்காந்தா எக்ஸ்ரேவ காட்டி ரெண்டு வழி சொல்வாங்க, ஒண்ணு ரூட் கெனால் பண்ணி (உள்ள இருக்கற நரம்ப எடுத்து அடைச்சு) மேல உறை மாதிரி கேப் போட்டுக்கலாம், இல்லைன்னா பல்ல எடுத்துட்டு இம்பிளான்ட் (தாடை எலும்புக்குள்ள டைட்டானியத் திருகு பதிச்சு அதுமேல பொய்ப்பல்லு) வச்சுக்கலாம்னு. வெளிய வந்ததும் நாலு பேர்கிட்ட கேப்போம். ரூட் கெனால் பண்ணி அவஸ்தைப்பட்டவர் "பேசாம புடுங்கிடு"ம்பார், புடுங்கினதுக்கப்புறம் பக்கத்துப் பல்லு சாஞ்சு போனவர் "எக்காரணம் கொண்டும் புடுங்காத"ம்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆனா அவங்க சொல்றது அவங்க பல்லோட கதை. ஈறுக்கு மேல நல்ல பல் எவ்ளோ மிச்சம் இருக்கு, கீழ எலும்பு எவ்ளோ மிச்சம் இருக்கு, இந்த ரெண்டும்தான் முடிவு பண்ணும், மத்தது எல்லாம் அதுக்கப்புறம்தான்.

முதல்ல ஃபில்லிங்கா ரூட் கெனாலாங்கறத முடிச்சுக்கலாம், ஏன்னா நெறைய பேருக்கு குழப்பம் இங்கயே ஆரம்பிக்குது. சில்லுனு எதாவது பட்டா சுரீர்னு இழுத்து, எடுத்ததும் ரெண்டு மூணு செகண்ட்ல போயிடுச்சுன்னா உள்ள இருக்கற நரம்பு இன்னும் தேறிக்கும்னு எடுத்துக்கலாம், சொத்தைய சுரண்டி அடைச்சாலே பெரும்பாலும் போதும். சூடா குடிச்சதும் வலி ஆரம்பிச்சு, குடிச்சு முடிச்ச பிறகும் நிமிஷக்கணக்குல நிக்குது, தானாவே வலிக்குது, ராத்திரி படுத்தா தூக்கத்துலேர்ந்து எழுப்பிவிடுதுன்னா நரம்பு திரும்பாத எல்லைய தாண்டிடுச்சு. அதுல பெரிய ஏமாத்து வேலை ஒண்ணு இருக்கு. ரெண்டு வாரம் உயிர எடுத்த வலி ஒரு நாள் டக்குனு நின்னுடும், நாமளும் மாத்திரை கேட்டுச்சுன்னு நிம்மதியா இருப்போம், ஆனா உண்மைல உள்ள நரம்பு செத்துப்போச்சு, அதான் வலி தெரியல, கிருமி மட்டும் சத்தமில்லாம வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிட்டிருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு ஈறுல சின்னதா ஒரு பரு வந்து சீழ் கசியும், அப்பதான் எக்ஸ்ரேல வேர் நுனிய சுத்தி கருப்பா வட்டம் தெரியும்.

ஆன்டிபயாட்டிக் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். நரம்பு வீங்கி வர்ற வலிய அது குறைக்காது. நரம்பு செத்துப்போன பல்லுல ரத்த ஓட்டமே கிடையாது, அப்பறம் மருந்து எப்படி உள்ள போகும்? முகம் வீங்கியிருக்கு, காய்ச்சல் இருக்குன்னா அதுக்கு வேலை இருக்கு, அப்பவும் பல்லைத் திறந்து சுத்தம் பண்றதோ எடுக்கறதோதான் வைத்தியம், மாத்திரை கூட வர்ற துணை.

சரி, ரூட் கெனாலா புடுங்கறதா. ரூட் கெனால்னா பல்லுக்கு மேல ஓட்டை போட்டு, செத்ததோ சாகப்போறதோ அந்த நரம்புத் திசுவ மெல்லிசான ஃபைல் வச்சு எடுத்து, மருந்துத் தண்ணி விட்டு அலசி, ரப்பர் மாதிரி ஒரு பொருள வச்சு வேர் நுனி வரைக்கும் அடைக்கறது. கடைவாய்ப் பல்லுல வேர்க் குழாய் மூணு நாலு இருக்கும், மேல் தாடை முதல் கடைவாய்ப் பல்லுல ஒரு குட்டிக் குழாய் ஒளிஞ்சிருக்கும், அத விட்டுட்டாதான் பின்னாடி "ரூட் கெனால் பண்ணியும் வலிக்குதே"ன்னு புலம்பல் வர்றது. பண்ணும்போது பல்ல சுத்தி ரப்பர் ஷீட் மாட்டறாங்களான்னு பாருங்க, எச்சில் உள்ள போகாம இருக்கத்தான் அது, எனக்கு நல்ல வேலைக்கு அடையாளம்னா முதல்ல அதான். அப்பறம் கேப். பின்பக்கப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணிட்டு "வலி இல்லையே, கேப் அப்பறம் பாத்துக்கலாம்"னு விட்டா, ஏற்கனவே சொத்தையும் ஓட்டையும் சேர்ந்து சுவர் மெலிஞ்சு போன பல்லு எதையாவது கடிக்கும்போது நெடுக்க பிளந்துடும், அதுக்கப்புறம் அத எந்த டாக்டராலயும் ஒட்ட வைக்க முடியாது.

எப்போ புடுங்கறதுதான் நியாயம்னா, ஈறுக்கு மேல சுத்தி வர சுமார் ரெண்டு மில்லிமீட்டர் நல்ல பல்லு கூட இல்லைன்னா கேப் பிடிச்சு நிக்க இடமே இல்ல. வேர்ல விரிசல் விழுந்திருந்தாலும் அப்படித்தான். இந்த விரிசல் எக்ஸ்ரேல சட்டுனு தெரியாது. டாக்டர் மெல்லிசான அளவுக் கம்பிய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு சுத்தி வருவாங்க, ரெண்டு, மூணு, ரெண்டுன்னு மில்லிமீட்டர் கணக்கு வரும், திடீர்னு ஒரே ஒரு இடத்துல மட்டும் கம்பி எட்டு ஒன்பதுன்னு உள்ள போகும், உடனே அவங்க முகமே மாறிடும். அப்படிப்பட்ட பல்லுல காசையும் நேரத்தையும் போடறதுல அர்த்தமில்ல. எலும்பு கரைஞ்சு எல்லாப் பக்கமும் ஆடற பல்லும் அந்த லிஸ்ட்தான். இதெல்லாம் இல்லாம வெறும் நரம்பு மட்டும் போயிருந்தா, என் ஓட்டு கண்ணை மூடிட்டு ரூட் கெனாலுக்குத்தான். ஒழுங்கா பண்ணி கேப் போட்ட பல்லும், ஒழுங்கா வச்ச இம்பிளான்ட்டும் நீண்ட காலம் நிக்கறதுல பெரிய வித்தியாசம் கிடையாது, அப்ப சொந்தப் பல்ல எதுக்கு விடணும்?

ஒரு தடவ ரூட் கெனால் பண்ணினது கெட்டுப்போச்சுன்னாலும் நேரா புடுங்கத்தான் போகணும்னு இல்ல. பழைய அடைப்ப எடுத்துட்டு திரும்ப பண்றது முதல் வழி. வேருக்குள்ள கம்பி வச்சு மேல கேப் கட்டியிருக்கு, அத கழட்டினா பல்லே உடையும்னா, ஈறு வழியா போய் வேர் நுனிய மூணு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்து அந்த நுனிப் பக்கத்துலேர்ந்து அடைக்கற சின்ன ஆபரேஷன் இருக்கு. முன்பல்லுக்கு இது சுலபம், கீழ்க் கடைவாய்ல கனமான எலும்பும் உள்ள ஓடற பெரிய நரம்பும் இருக்கறதால கஷ்டம்.

புடுங்கியாச்சு, இப்ப அந்த இடத்துக்கு என்ன? சும்மா விடறதும் ஒரு முடிவுதான், ஆனா அதுக்கும் விலை இருக்கு. எடுத்த இடத்துல எலும்பு முதல் சில மாசத்துலயே வேகமா சுருங்கும், ஒரு வருஷத்துல அகலத்துல பாதி வரைக்கும் போகலாம். பக்கத்துப் பல்லு காலி இடத்துக்குள்ள சாயும், எதிர்ப்பக்கத்துப் பல்லு தாங்க ஆளில்லாம கீழ இறங்கும் இல்ல மேல ஏறும். கடைசிக் கடைவாய்ப் பல்லுன்னா விட்டா ஒண்ணும் குடி முழுகிடாது, நடுவுல இருக்கற பல்லுன்னா யோசிக்கணும்.

பிரிட்ஜுன்னா ரெண்டு பக்கத்துப் பல்லையும் இழைச்சு கேப் மாதிரி மாட்டி நடுவுல பொய்ப்பல்ல தொங்க விடறது. ஆபரேஷன் இல்ல, ரெண்டு மூணு வாரத்துல வேலை முடிஞ்சுடும். கஷ்டம் என்னன்னா ஒரு பல்லு போனதுக்காக நல்லா இருக்கற ரெண்டு பல்லோட எனாமல சீவறோம், அது திரும்ப வராது. நடுப்பல்லுக்கு அடியில தினம் தனியா சுத்தம் பண்ணலைன்னா தாங்கற பல்லுல சொத்தை வந்து மொத்தமும் போகும். ஆனா பக்கத்து ரெண்டு பல்லும் ஏற்கனவே பெரிய ஃபில்லிங்கோட கேப்புக்கு காத்திட்டு இருக்குன்னா பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம், அங்க போய் இம்பிளான்ட் வைங்கன்னா கேப் ரெண்டும் எப்படியும் போட்டாகணும், கூட ஒரு ஆபரேஷனும் சேரும்.

இம்பிளான்ட் பக்கத்துப் பல்ல தொடாது, அதுதான் அதோட பெரிய பலம். டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்னு கண்டுபிடிச்சதே தற்செயல்தான், ஸ்வீடன்ல ப்ரோனமார்க்னு ஒரு டாக்டர் 1952ல முயல் எலும்புக்குள்ள ரத்த ஓட்டம் பாக்க வச்ச டைட்டானியக் கருவி, எடுக்கப் போனா வரவே இல்லையாம். 1965ல மனுஷ வாய்ல முதல்ல வச்சார். அந்த ஒட்டறதுக்குத்தான் இன்னைக்கும் பெரும்பாலும் மூணுலேர்ந்து ஆறு மாசம் காத்திருக்கறோம். எலும்பு போதலைன்னா முதல்ல எலும்புத்தூள் வச்சு வளர்க்கணும், மேல் கடைவாய்ல சைனஸ் காற்றறை இறங்கி வந்திருந்தா அதோட தரைய தூக்கி வைக்கணும், அப்ப காலம் இன்னும் நீளும். சிகரெட் விடாதவங்க, சுகர் கட்டுல இல்லாதவங்க, ஈறு நோய முடிக்காதவங்க இதுல அவசரப்படக் கூடாது. இம்பிளான்ட்டுக்கு சொத்தை வராது, ஆனா அத சுத்தி ஈறும் எலும்பும் அழுகலாம், வலி இல்லாம அழுகறதால தெரியறதும் லேட்டாத்தான். தாடை வளர்ச்சி முடியாத பசங்களுக்கு வைக்கவே கூடாது, சுத்தி இருக்கற பல்லெல்லாம் தாடையோட நகரும், இது மட்டும் வச்ச இடத்துலயே நின்னு உள்ள போன மாதிரி ஆயிடும்.

கழட்டி மாட்டற பல் செட்ட யாரும் மதிக்கறதில்ல, ஆனா நெறைய பல்லு போனவங்களுக்கும், ஆபரேஷன் தாங்காத உடம்புக்கும், இம்பிளான்ட் ஒட்டற வரைக்கும் சமாளிக்கவும் அதுதான் கை கொடுக்கும்.

ஞானப்பல்லு கதை வேற. இங்க போட்டி எடுக்கறதுக்கும் சும்மா இருக்கறதுக்கும்தான். பாதி மட்டும் வெளிய வந்து, மேல மூடியிருக்கற ஈறுக்கு அடியில அழுக்கு சேர்ந்து திரும்பத் திரும்ப வீங்குது, வாய் திறக்க முடியல, இல்ல சாஞ்சு முட்டிட்டு இருக்கறதால முன்னாடி இருக்கற நல்ல பல்லுல சொத்தை விழுது, நீர்க்கட்டி தெரியுதுன்னா எடுத்துடறதுதான். எந்தத் தொந்தரவும் இல்லாம எலும்புக்குள்ள தூங்கற பல்லை "எதுக்கும் எடுத்துடலாம்"ன்னா, பிரிட்டன்ல மருத்துவத்துக்கு வழிகாட்டி போடற நைஸ் (NICE) அமைப்பு 2000லயே அப்படி நோய் இல்லாத பல்ல எடுக்க வேணாம்னு வழிகாட்டி போட்டது. அத எதிர்க்கறவங்க வாதமும் சும்மா தள்ளற மாதிரி இல்ல, சின்ன வயசுல வேர் முழுசா வளராதப்ப எடுக்கறது சுலபம், நாப்பதுக்கு மேல எடுத்தா ஆற நாளாகும்னு. நடுவழி, எடுக்காம அப்பப்ப எக்ஸ்ரே எடுத்து கண்காணிக்கறது. ஒண்ணு மட்டும், ஞானப்பல்லு தள்ளித்தான் முன்பல்லு கோணலாகுதுன்னு சொல்லி எடுக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க, அதுக்கு ஆதாரம் பலமா இல்ல.

கீழ் ஞானப்பல்லோட வேர் உதட்டுக்கு உணர்ச்சி தர்ற நரம்ப ஒட்டி இருந்தா, 3டி ஸ்கேன் கேக்கறதுல தப்பே இல்ல. நரம்பு அடிபட்டா உதடும் தாடையும் மரத்துப் போகும், பெரும்பாலும் சில வாரம் சில மாசத்துல திரும்பிடும், சிலருக்கு திரும்பாது. அந்த மாதிரி இடத்துல மேல் பாகத்த மட்டும் வெட்டி எடுத்துட்டு வேர அப்படியே விட்டுடற முறை ஒண்ணு இருக்கு, கேட்டுப் பாருங்க.

ஈறு ஆபரேஷன் பத்தி சுருக்கமா: ஈறுக்கு கீழ வரைக்கும் ஆழமா கிளீன் பண்ணி, ஆற ஒண்ணு ரெண்டு மாசம் விட்டு, திரும்ப அளந்தப்பவும் அஞ்சு ஆறு மில்லிமீட்டர் பள்ளம் ரத்தக் கசிவோட இருந்தா மட்டும்தான் ஈற திறந்து சுத்தம் பண்ற பேச்சு வரணும். கிளீனிங்கே பண்ணாம நேரா ஆபரேஷன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க.

எதுக்குப் போனாலும் சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் சொல்லுங்க, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, எலும்பு மெலிஞ்சு போறதுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி மாத்திரை எடுக்கறவங்க, தாடைக்கு கதிர்வீச்சு வாங்கினவங்க கண்டிப்பா சொல்லணும், புடுங்கின இடம் ஆறாம தாடை எலும்பு வெளிய தெரியற ஆபத்து அவங்களுக்கு உண்டு. எடுத்த அன்னைக்கு துப்பிட்டே இருக்கறது, ஸ்ட்ரால உறிஞ்சறது, சிகரெட் வேணாம், குழியில கட்டின ரத்தம் பிடுங்கிட்டு வந்துட்டா மூணாவது நாள் காது வரைக்கும் வலிக்கும், அப்ப போய் குழிய கழுவி மருந்து வச்சுக்கணும். தாடைக்கு அடியில கழுத்து வரைக்கும் வீக்கம் இறங்குது, எச்சில் முழுங்க முடியல, நாக்கு மேல தூக்குது, மூச்சு வாங்குதுன்னா பல் கிளினிக் எப்ப திறக்கும்னு காத்திட்டு இருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.